பலனிலிருந்து தன்மைக்கு: சோதிட மொழியும் தன்னறிதலும்

ஆய்வுச் சுருக்கம்

வேத சோதிடம் என இன்று வழங்கப்பெறும் சாதக மரபினை வருவது உரைக்கும் கலையாக அன்றித் தன்னை அறிதற்குரிய கருவியாகக் கொள்ளும் போக்கு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. இக்கருத்து எவ்வளவில் பொருந்தும் என்பதை இக்கட்டுரை தமிழ் மொழியமைப்பின் வழி ஆராய்கிறது. தமிழில் பலன் கூறும் தொடர்கள் பெரும்பாலும் 'செய்யும்' என்னும் வாய்பாட்டில் அமைந்து இயல்பையும் எதிர்வையும் ஒருங்கே சுட்டுகின்றன. சாதகரை எழுவாயாக்காமல் நான்காம் வேற்றுமையில் நிறுத்துகின்றன. இந்த மொழியமைப்பே சோதிடத்தின் ஈர்ப்புக்கும் அதனால் நேரும் மயக்கத்திற்கும் காரணமாகிறது. பலன் தொடரைத் தன்மை இடத்து வினாவாக மாற்றும்போது மட்டுமே சாதகம் தன்னறிதலுக்குத் துணையாகும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சாதகம், தன்னறிதல், செய்யும் என் முற்று, பலன் தொடர், தசை, ஊழ், செவ்வாய் தோடம், சந்திராட்டமம்.

1. முன்னுரை

தமிழகக் கோயில்களில் அருச்சனைக்கு நிற்பவர் தம் பெயரை அடுத்துப் பிறந்த நட்சத்திரத்தையும் இராசியையும் கூறுகிறார். இறைவன் திருமுன் ஒருவர் தம்மை இன்னார் என அறிவித்துக்கொள்ளும் சில சொற்களுள் இவ்விரண்டும் இடம்பெறுகின்றன. நாட்காட்டித் தாள்களில் அன்றாடம் சந்திராட்டமம் அச்சிடப்பெறுகிறது. திருமணப் பேச்சு சாதகப் பரிமாற்றத்தோடு தொடங்குகிறது. சோதிடத்தை நம்புவோர், நம்பாதோர் என்னும் வேறுபாட்டையும் கடந்து, தம்மைப் பற்றிப் பேசுவதற்கான ஒரு சொற்களஞ்சியத்தை அது தமிழர்க்கு அளித்துள்ளது. 'சனி பிடித்தாற்போல்', 'கிரகம் சரியில்லை', 'அவருக்கு நாக்கில் சனி' என்பன போன்ற வழக்குகள் இதற்குச் சான்று.

மேலைநாடுகளில் சோதிடத்தை ஆளுமை விளக்கமாகக் கொள்ளும் போக்கு இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. டேன் ருத்யாரின் 'ஆளுமையின் சோதிடம்' என்னும் ஆங்கில நூல் 1936இல் வெளிவந்தது. உளவியலறிஞர் கார்ல் யுங் 1952இல் வெளியிட்ட ஒருங்கு நிகழ்வு பற்றிய ஆய்வில் சாதகங்களையும் எடுத்துக்கொண்டார். இப்போக்கு இந்தியச் சோதிடத்திற்குள்ளும் புகுந்து, 'வருவதை அறிய அன்று. உன்னை அறிய' என்னும் பொருள்பட இன்று பேசப்படுகிறது.

இக்கூற்றை எதிர்கொள்ளும் ஆய்வுகள் பெரும்பாலும் 'சோதிடம் உண்மையா, பொய்யா' என்னும் வினாவோடு நின்றுவிடுகின்றன. அவ்வினா தேவையானதே. எனினும் அதனோடு மற்றொரு வினாவும் எழுகிறது: ஒருவர் தம்மைப் பற்றிய பலனைப் படிக்கும்போது அம்மொழி அவரை எங்கு நிறுத்துகிறது? செய்பவராகவா, பெறுபவராகவா? தன்னறிதல் என்னும் கூற்றின் வலிமை இவ்வினாவுக்கான விடையில் அடங்கியுள்ளது.

2. மரபின் வரலாற்றுச் சுருக்கம்

'வேத சோதிடம்' என்னும் பெயர் இரு வேறு மரபுகளை ஒன்றாகக் காட்டிவிடுகிறது. வேத உறுப்புகள் ஆறனுள் ஒன்றாகிய சோதிடம் வேள்விக்குரிய காலத்தைக் கணிப்பதற்கு எழுந்தது. இலகதர் பெயரால் வழங்கும் வேதாங்க சோதிடத்தில் ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கமும் நட்சத்திரங்களும் கணக்கிடப்பெறுகின்றன. தனிமனிதரின் பிறப்புச் சாதகம் அதில் இல்லை. பன்னிரு இராசிகளும் இலக்கினமும் கொண்ட சாதக முறை கிரேக்கத் தொடர்புக்குப் பின் கிறித்துவ ஊழியின் தொடக்க நூற்றாண்டுகளில் உருப்பெற்றது. யவன சாதகம் என்னும் நூற்பெயரும் ஓரை, கேந்திரம் ஆகிய கலைச்சொற்களும் அத்தொடர்பைக் காட்டுகின்றன. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகச்சாதகம் இம்முறையை ஒழுங்குபடுத்தியது.

தமிழில் சோதிட நூல்கள் செய்யுள் வடிவில் தொடர்ந்து எழுந்தன. ஈழத்தில் தோன்றிய சரசோதிமாலை, செகராசசேகரமாலை ஆகியவையும், கீரனூர் நடராசரின் சாதக அலங்காரமும், புலிப்பாணி முனிவர் பெயரால் வழங்கும் பாடல்களும் குறிப்பிடத்தக்கன. சரசோதிமாலை போன்றவை செயலுக்குரிய நாளையும் பொழுதையும் தெரிவதில் கருத்துச் செலுத்த, சாதக அலங்காரம் போன்றவை தனிமனிதரின் பிறப்பை மையமாகக் கொண்டன. முன்னது 'எப்போது செய்வது' என்று கேட்கிறது. பின்னது 'இவர் எத்தகையவர், இவருக்கு என்ன நேரும்' என்று கேட்கிறது. தன்னறிதல் பற்றிய வாதம் பின்னதனையே சார்ந்து நிற்கிறது.

3. சாதகத்தில் 'தான்' நிற்குமிடம்

சாதகக் கட்டம் பன்னிரு பாவங்களைக் கொண்டது. பிறப்பு நேரத்தில் கீழ்வானில் உதயமாகும் இராசி இலக்கினமாகும். அதுவே முதல் பாவமாய் உடலையும் இயல்பையும் குறிக்கிறது. இரண்டாம் பாவம் குடும்பம், வாக்கு, செல்வம் ஆகியவற்றுக்கும், மூன்றாம் பாவம் துணிவுக்கும் இளைய உடன்பிறப்புக்கும், நான்காம் பாவம் தாய்க்கும் இருப்பிடத்துக்கும், ஐந்தாம் பாவம் மக்களுக்கும், ஆறாம் பாவம் நோய், கடன், பகை ஆகியவற்றுக்கும், ஏழாம் பாவம் வாழ்க்கைத் துணைக்கும் உரியன. ஒன்பதாம் பாவம் தந்தையையும் பேற்றையும், பத்தாம் பாவம் தொழிலையும் சுட்டும். எட்டு, பதினொன்று, பன்னிரண்டு ஆகியவை முறையே ஆயுள், ஆதாயம், செலவு ஆகியவற்றைக் குறிக்கும்.

இவ்வமைப்பில் சாதகர்க்கே நேராக உரியது முதல் பாவம் ஒன்றே. ஏனைய பதினொன்றிலும் பெரும்பகுதி உறவுகளாலும் பொறுப்புகளாலும் நிரம்பியுள்ளது. ஒருவரை அறிய அவருடைய தாயையும் கடனையும் பகையையும் தொழிலையும் உடன் அறிதல் வேண்டும் என்பது இதன் உட்கிடை. தனித்து நிற்கும் ஆளுமை என்னும் மேலைநாட்டுக் கருத்தினின்று சாதக மரபு வேறுபடும் இடம் இது.

'தான்' என்பதையும் இம்மரபு ஒருமையாகக் கொள்ளவில்லை. காலபுருடனுக்கு ஞாயிறு ஆன்மா, திங்கள் மனம், செவ்வாய் வலிமை, புதன் வாக்கு, வியாழன் ஞானமும் இன்பமும், வெள்ளி காமம், சனி துன்பம் எனப் பிருகச்சாதகம் பகுக்கிறது. தமிழர் தம் இராசியாகக் கூறுவது பிறப்பின்போது திங்கள் நின்ற இராசியை ஆதலின், மேலைநாட்டினர் ஞாயிற்றைக் கொண்டு தம்மை அடையாளப்படுத்துமிடத்தில் தமிழர் மனத்துக்குரிய கோளைக் கொண்டு தம்மை அடையாளப்படுத்துகின்றனர்.

அகத்தைப் புறத்தால் பேசும் இம்முறை தமிழ் இலக்கியத்திற்கு அயலானது அன்று. அகப்பொருள் மரபில் நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளும் அவற்றைச் சார்ந்த கருப்பொருளும் மாந்தரின் உரிப்பொருளை உணர்த்துகின்றன. பாலை நிலத்தின் வெம்மை பிரிவைப் பேசுகிறது. ஆயினும் பாலை பிரிவுக்குக் காரணம் என்று எவரும் கொள்வதில்லை. நிலம் மனத்தை உணர்த்தும் மொழியாகிறதே அன்றி மனத்தை இயக்கும் ஆற்றலாவதில்லை. வானத்தையும் இவ்வாறு மொழியாகக் கொள்ளலாம் என்பதே தன்னறிதல் வாதத்தின் வலுவான வடிவம். சாதக மரபோ வானத்தை மொழியாகவும் காரணமாகவும் ஒருசேரக் கொள்கிறது. இவ்விரண்டும் பிரிக்கப்படாமையே பின்னர் எழும் சிக்கல்களுக்கு வேராகும்.

4. பலன் தொடரின் இலக்கணம்

'கோபம் வரும்', 'பணம் சேரும்', 'அலைச்சல் உண்டாகும்', 'பேச்சால் பகை தோன்றும்' என்பன பலன் கூறுமிடத்துப் பெருவழக்காகப் பயிலும் தொடர்கள். இவை அனைத்தும் 'செய்யும்' என்னும் வாய்பாட்டு வினைமுற்றுகளால் முடிகின்றன. இம்முற்று நிகழ்காலத்திற்கும் எதிர்காலத்திற்கும் உரியது என்பது நன்னூலார் கொள்கை. முக்காலத்தும் மாறாத இயல்புடைய பொருள்களைச் செய்யும் என்னும் சொல்லால் கூறுதல் மரபு என்பதைத் தொல்காப்பிய வழி அறியலாம். மலை நிலைபெற்றிருத்தல், தீ சுடுதல் முதலியவற்றோடு ஞாயிறும் திங்களும் இயங்குதலை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுகின்றனர்.

ஆகவே 'இவருக்குக் கோபம் வரும்' என்னும் தொடர் இருபொருள் தருகிறது. இவர் சினக்கும் இயல்புடையவர் என்பது ஒன்று. இவருக்கு இனிச் சினம் உண்டாகும் என்பது மற்றொன்று. முன்னது விளக்கம்; பின்னது முன்னறிவிப்பு. விளக்கம் தன் கடந்த காலத்தோடு ஒத்திருப்பதைக் காணும் சாதகர், முன்னறிவிப்பையும் அதே உறுதியோடு ஏற்றுக்கொள்கிறார். இரண்டும் ஒரே வினைமுற்றில் அடங்குவதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்தது அவர் கவனத்துக்கு வருவதில்லை. 'பேசுவார்', 'உழைப்பார்' என்னும் உயர்திணை முற்றுகளும் இன்றைய வழக்கில் இவ்விரு பொருளுக்கும் இடந்தருகின்றன.

இரண்டாவது கூறு இடம் பற்றியது. செய்யும் என்னும் முற்று தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பால் படர்க்கைக்கும் வாராது என்பது தொல்காப்பியரும் நன்னூலாரும் உடன்படும் விதி. 'நான் வரும்' என்பது வழு. எனவே பலன் கூறும் வினைமுற்றுக்கு 'நான்' எழுவாயாக முடியாது. இக்கால வழக்கில் இவ்வாய்பாடு பெரிதும் அஃறிணை எழுவாயோடு பயில்வதால், 'கோபம்', 'பணம்', 'அலைச்சல்' என்பனவே எழுவாயாகின்றன. மனிதர் 'இவருக்கு', 'மேட இராசியினருக்கு' என நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். கோபம் வருகிறது, மனிதர் அதனைப் பெறுகிறார். பணம் சேர்கிறது; அவர் சேர்க்கவில்லை. பலன் தொடர் மனிதரை வினைமுதலாக்காமல் நிகழ்வுகள் வந்து சேரும் இடமாக ஆக்குகிறது.

தமிழ் தன் உணர்வுகளையும் இவ்வாறே கூறும் என்பது உண்மை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் கோபம் வருகிறது' என்பன இயல்பான வழக்குகள். இவ்வழக்கு ஓர் அனுபவ உண்மையையும் ஏந்தி நிற்கிறது; உணர்வுகள் பெரும்பாலும் விரும்பி அழைக்கப்படுவன அல்ல. ஆயினும் கோபம் வருதல் வேறு. வந்த கோபத்தால் ஒருவர் செய்வது வேறு. பின்னதைக் கூற 'நான்' என்னும் எழுவாய் இன்றியமையாதது.

இதனால் தன்னறிதல் மூன்று படிகளைக் கொண்டதாகிறது. 'கடக இலக்கினத்தாருக்கு மனம் எளிதில் புண்படும்' என்னும் பலனை எடுத்துக்கொண்டால், இது படர்க்கைக் கூற்று. 'எனக்கு மனம் எளிதில் புண்படும்' என்று ஏற்றுக்கொள்வது இரண்டாம் படி. சாதகம் பார்ப்போர் பலர் இப்படியிலேயே நின்றுவிடுகின்றனர். படர்க்கை தன்மையாக மாறிவிட்டபோதிலும் வேற்றுமை மாறவில்லை. புண்படுதல் இன்னும் தம்மேல் வந்து விழும் ஒன்றாகவே உள்ளது. 'நான் யாருடைய சொல்லால் புண்படுகிறேன்? புண்பட்டபின் என்ன செய்கிறேன்? புண்படாது நின்ற பொழுதும் உண்டா?' என்று கேட்பது மூன்றாம் படி. தன்னறிதல் இங்கிருந்தே தொடங்குகிறது. இம்மூன்றாம் படியைச் சாதகம் தானே தருவதில்லை. அதனைத் தருபவர் படிப்பவரே.

5. தசை: வாழ்வைக் காலமாக வாசித்தல்

சாதகத்தின் மற்றோர் இன்றியமையாக் கூறு விம்சோத்தரி தசை. 120 ஆண்டுகள் ஒன்பது கோள்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன: கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, இராகு 18, குரு 16, சனி 19, புதன் 17. பிறப்பின்போது திங்கள் நின்ற நட்சத்திரத்தின் அதிபதியே முதல் தசைக்கு உரியவர். நட்சத்திரத்தில் திங்கள் கடந்த பங்கு போக எஞ்சிய பங்கே முதல் தசையின் இருப்பாகும்.

உரோகிணியின் நடுவில் திங்கள் நிற்கப் பிறந்தவருக்குச் சந்திர தசையில் 5 ஆண்டுகள் எஞ்சும். 12 வயது வரை செவ்வாய், 30 வரை இராகு, 46 வரை குரு, 65 வரை சனி, 82 வரை புதன் என அவர் வாழ்வு பகுக்கப்படுகிறது. இப்பகுப்பு ஒருவருக்குத் தம் வாழ்வை நிகழ்ச்சிகளின் குவியலாக அன்றித் தொடர்ச்சியுள்ள பருவங்களாகக் காணும் வாய்ப்பை அளிக்கிறது. '30 வயதுக்கு முன் நான் எதனை நாடினேன்; பின் எதனை நாடினேன்' என்னும் வினா எழுதற்கு அது களமாகிறது. தன்வரலாறு எழுதாத பெரும்பான்மை மக்களுக்குத் தசைக்கணக்கு வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் ஒரு சட்டகமாய் இருந்துவந்துள்ளது.

எனினும் இச்சட்டகத்தின் எல்லைக்கோடுகள் உறுதியானவை அல்ல. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை அளவுடையது. சுக்கிர தசையின் 20 ஆண்டுகளை இவ்வளவால் வகுப்பின் ஒரு பாகைக்கு ஒன்றரை ஆண்டு கிடைக்கிறது. திங்களின் இருப்பில் அரைப்பாகை வேறுபட்டால், சுக்கிர தசையில் பிறந்தவருக்கு அதற்குப்பின் வரும் எல்லாத் தசைச்சந்திகளும் ஒன்பது மாதம் இடம்பெயரும். வரருசியின் 248 சந்திர வாக்கியங்களைச் சார்ந்த வாக்கியப் பஞ்சாங்கமும் இக்கால வானியலைச் சார்ந்த திருக்கணிதப் பஞ்சாங்கமும் திங்களின் இருப்பை வேறுவேறாகத் தருகின்றன. இலக்கினமோ ஏறக்குறைய நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை நகர்வது. ஆகவே ஒருவர் 'குரு தசை தொடங்கியதும் என் வாழ்வு மாறியது' என்று கூறும்போது, கணக்கு அவர் வாழ்வை விளக்கியதா, அவர் நினைவு கணக்கோடு பொருந்திக்கொண்டதா என்பதை ஆராய வேண்டியுள்ளது. பருவங்களாகப் பகுத்துக் காணுதல் பயனுடையது. பகுக்கும் கோடு வானில் வரையப்பட்டுள்ளது என்று கொள்வதற்கு அப்பயன் சான்றாகாது.

6. ஊழும் ஆள்வினையும்

சாதக மரபின் மெய்யியல் அடித்தளம் வினைக்கொள்கை. சாதகம் முன்வினையின் விளைவைக் காட்டும் குறிப்பே தவிர வினையை உண்டாக்குவது அன்று என்பது மரபாளர் பலரின் விளக்கம். ஈட்டிக் குவிந்த வினை சஞ்சிதம், நுகர்தற்கு முதிர்ந்தது பிராரத்தம், இனி ஈட்டுவது ஆகாமியம். சாதகம் பேசுவது பிராரத்தம் பற்றியே எனின், ஆகாமியம் முழுவதும் மனிதர் கையில் எஞ்சுகிறது. மரபுக்குள்ளேயே 'நான்' வினைமுதலாக நிற்றற்கு இடம் உண்டு என்பது இதனால் பெறப்படும்.

தமிழ் இலக்கியம் இவ்விழுவிசையை நெடுங்காலமாகப் பேசிவந்துள்ளது. ஊழின் வலியை ஓர் அதிகாரத்தில் உரைத்த வள்ளுவர், ஆள்வினையுடைமை என்னும் மற்றோர் அதிகாரத்தில் தளராது முயல்வோர் ஊழையும் புறங்காண்பர் என்கிறார். ஊழ் அதிகாரம் அறத்துப்பாலின் இறுதியிலும் ஆள்வினையுடைமை பொருட்பாலிலும் நிற்பது கருதத்தக்கது. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் வள்ளுவர் கருத்தாகக் கொள்வது பொருந்தாது.

புறநானூற்றின் 192ஆம் பாடலைப் பாடியவர் பெயரிலேயே 'கணியன்' என்னும் சொல் உள்ளது. கணியன் என்பது காலத்தைக் கணித்துக் கூறுபவரைச் சுட்டும். அப்பாடல் உயிர் ஆற்றுநீரின் வழிச்செல்லும் புணைபோல் முறைவழிப்படும் என்கிறது. தீமையும் நன்மையும் பிறரால் வருவன அல்ல என்றும் கூறுகிறது. அப்பாடலில் முறைமையை ஏற்றலின் விளைவாகத் தோன்றுவது பெரியோரை வியத்தலும் சிறியோரை இகழ்தலும் தவிர்க்கும் மனநிலை. வருவது கூறுதல் அன்று. பிறரை நோக்கும் பார்வையில் நேரும் மாற்றமே அங்குப் பயனாகிறது.

பெரியபுராணம் காட்டும் நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை நாவுக்கரசர் கோள்நிலை நன்றன்று எனத் தடுத்தார். சம்பந்தர் கோளறு பதிகம் பாடிப் பயணத்தை மேற்கொண்டார். கோள்கள் இல்லை என்று அவர் மறுக்கவில்லை. அவற்றின் பொருளைத் தம் நம்பிக்கையின் நின்று மாற்றியமைத்தார். கோள்நிலையை அறிந்தும் முடிவைத் தாமே எடுக்கும் நிலைக்கு இது மரபுக்குள்ளிருந்து கிடைக்கும் சான்று.

7. ஆடி காட்டும் பொய்யுரு

சாதகத்தைத் தன்னறியும் ஆடி என்போர் அவ்வாடி எவருக்கும் ஒரே உருவைக் காட்டுகிறதா என்பதை முதலில் சோதித்தல் வேண்டும். 1948இல் உளவியலறிஞர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியதாகக் கூறி ஒரே விளக்கத்தை அளித்தார். அதன் தொடர்கள் பெரும்பாலும் கடையில் விற்கும் சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. விளக்கம் தமக்குப் பொருந்தும் அளவை 5க்கு மதிப்பிடச் சொன்னபோது மாணவர் தந்த சராசரி 4.26. பொருந்துகிறது என்னும் உணர்வு விளக்கத்தின் உண்மைக்குச் சான்றாகாது என்பதை இது நிறுவியது.

இந்தியச் சோதிடத்தைப் பற்றிய நேரடிச் சோதனையை வானியலறிஞர் செயந்த் நார்லிகரும் பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் உள்ளிட்ட பிறரும் மகாராட்டிரத்தில் மேற்கொண்டு 2009இல் வெளியிட்டனர். படிப்பில் சிறந்த மாணவர் நூற்றுவர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய மாணவர் நூற்றுவர் ஆகியோரின் சாதகங்கள் கணிக்கப்பெற்றன. சோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 சாதகங்கள் தரப்பட்டு, எது எவ்வகையினருடையது என்று கேட்கப்பட்டது. விடையளித்த 27 சோதிடர்களின் சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் 50 விழுக்காட்டைவிட இது மிகுதியன்று.

ஆளுமை ஆய்வாளர் ஐசென்க் 1978இல் பிறருடன் வெளியிட்ட ஆய்வு சூரிய இராசிக்கும் புறநோக்கு இயல்புக்கும் தொடர்பிருப்பதாகக் காட்டியது. அத்தொடர்பு தம் இராசிக்குரிய பண்புகளை முன்பே அறிந்திருந்தவர்களிடமே காணப்பட்டது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. இவ்விளக்கம் தன்னறிதல் வாதத்திற்கு ஃபோரரின் சோதனையைவிடக் கடுமையான எச்சரிக்கை. ஆடி உருவைப் பொய்யாகக் காட்டுவதோடு நில்லாமல், பார்ப்பவர் அவ்வுருவுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளவும் கூடும். 'எனக்குக் கோபம் வரும்' என்று இளமையிலேயே கற்றுக்கொண்ட ஒருவர், தம் சினத்தை அடக்க முயலாமல் அதனைத் தம் இராசியின் அடையாளமாகப் பேணத் தொடங்கலாம்.

8. பிறர்மேல் ஏற்றப்படும் பலன்

தன்னறிதலுக்குரிய மொழி பிறரை மதிப்பிடும் மொழியாக மாறுமிடத்தில் அதன் தீங்கு வெளிப்படுகிறது. திருமணப் பொருத்தம் பார்க்குமிடத்து இது தெளிவாகும். தமிழகத்தில் பெருவழக்காக உள்ள முறைப்படி, இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களுள் ஒன்றில் செவ்வாய் நின்றால் அது தோடம். பன்னிரண்டில் ஐந்து இடங்கள் எனின், செவ்வாய் எவ்விடத்தும் சமவாய்ப்போடு நிற்பதாகக் கொண்டால் ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்குத் தோடம் உண்டு. திங்களிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவோரும் உளர். இம்மூன்றனுள் எதிலிருந்தேனும் தோடம் அமைவோரின் அளவை, அவை ஒன்றையொன்று சாரா என்னும் கொள்கையில் கணக்கிட்டால் அது 80 விழுக்காடாகிறது. ஐவருள் நால்வருக்குரிய ஒன்று ஒருவரின் தனித்தன்மையைக் காட்ட இயலாது. இதனாலேயே மரபு எண்ணற்ற விதிவிலக்குகளை வகுத்துக்கொண்டது. விதிவிலக்கை எடுத்துக்காட்ட ஆளில்லாத குடும்பத்துப் பெண்ணுக்கோ தோடம் மட்டுமே எஞ்சுகிறது.

நட்சத்திரம் பற்றிய விலக்குகள் இன்னும் கடுமையானவை. மூலம் மாமனாருக்கும், ஆயில்யம் மாமியாருக்கும், கேட்டை கணவனின் மூத்த உடன்பிறந்தானுக்கும், விசாகம் இளைய உடன்பிறந்தானுக்கும் ஆகாது என்னும் நம்பிக்கை பெண்களை நோக்கியே கூறப்படுகிறது. இருபத்தேழில் நான்கு நட்சத்திரங்கள் எனின், பிறக்கும் பெண்களுள் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் இவ்வகையில் அடங்குவர். 'பெண் மூலம் நிர்மூலம்' என்னும் பழமொழி 'பின் மூலம்' என்பதன் திரிபு எனவும், அது நட்சத்திரத்தின் பிற்பாதத்தைக் குறித்தது எனவும் சோதிடர் சிலரே விளக்குகின்றனர். அவ்விளக்கம் ஏற்கப்படினும் படாவிடினும், வழக்கில் நின்றது பெண்ணைச் சுட்டும் வடிவமே.

இத்தகைய பலனில் சாதகர் வினைமுதலும் அல்லர்; பெறுபவரும் அல்லர். தீமையைப் பெறுபவராகக் கூறப்படுபவர் மாமனார். காரணமாக நிறுத்தப்படுபவர் அப்பெண். அவர் தம்மைப் பற்றி அறிந்துகொள்ள இத்தொடரில் எதுவும் இல்லை. 'மூலத்தில் பிறந்தவள்' என்னும் பெயரடையை ஏற்று வாழும் ஒருவர் திருமணச் சந்தையில் தள்ளப்படுவதோடு, தம் வீட்டில் நேரும் ஒவ்வொரு நோய்க்கும் சாவுக்கும் தாமே காரணமோ என்னும் அச்சத்தையும் சுமக்கிறார். தன்னறிதல் என்னும் பெயரால் சோதிடத்தைப் பரிந்துரைப்போர் இவ்வழக்கைத் தனியே விலக்காதவரை அவர்தம் வாதம் நிறைவுறாது.

9. தன்வாசிப்புக்குரிய நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து சாதகத்தைத் தன்னறிதலுக்குப் பயன்படுத்த விழைவோர்க்குரிய நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, இயல்பையும் எதிர்வையும் பிரித்தல். 'வரும்' என்னும் சொல்லைக் காணுமிடமெல்லாம் அது பண்பைக் கூறுகிறதா, நிகழ்ச்சியைக் கூறுகிறதா எனக் கேட்க வேண்டும். நிகழ்ச்சியைக் கூறும் பகுதி தன்னறிதலுக்குரியது அன்று.

இரண்டாவது, பலனை வினாவாக்குதல். சோதிட மரபு தேசம், காலம், வர்த்தமானம் ஆகியவற்றை அறிந்தே பலனுரைக்க வேண்டும் என்கிறது. இவற்றைப் பிறர் எவரினும் நன்கறிந்தவர் சாதகரே. ஆதலின் பலன் தன் வாழ்வில் பொய்த்த இடங்களையும் அவர் பொருந்திய இடங்களோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மூன்றாவது, கணக்கை முன்னே வைக்காமல் வாழ்வை முன்னே வைத்தல். சந்திராட்டமம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. பிறந்த இராசிக்கு எட்டாம் இராசியில் திங்கள் நிற்கும் ஏறத்தாழ இரண்டேகால் நாளில் மனம் அலையும் என்பர். இது ஆண்டுக்குப் பதின்மூன்று முறையளவில் வரும். மொத்தம் ஏறக்குறைய 30 நாள். நாட்காட்டியைப் பாராமல் ஒருவர் நாள்தோறும் தம் மனநிலையை ஓராண்டு குறித்துவந்து, இறுதியில் அந்நாட்களோடு ஒப்பிட்டால் அக்கூற்றின் உண்மை அவரளவில் தெரியும். ஒப்பீடு பொய்த்தாலும் ஓராண்டுக் குறிப்பேடு அவரிடம் எஞ்சும். அவருடைய சினமும் சோர்வும் எந்நாளில், எவரோடு, எச்செயலுக்குப்பின் எழுந்தன என்பதை அக்குறிப்பேடு எந்தச் சாதகத்தினும் தெளிவாகக் கூறும்.

நான்காவது, பலனைத் தன்மை இடத்தோடு நிறுத்துதல். தன்னை வினவுதற்குக் கொண்ட கருவியைப் பிறரைத் தெரிதற்கும் தவிர்த்தற்கும் கொள்ளலாகாது. ஏழரைச் சனி இங்கு நல்ல பாடமாகும். சனி ஓர் இராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை ஆண்டு ஆவதால், எக்காலத்தும் மூன்று இராசியினர், அதாவது ஏறத்தாழ நால்வருள் ஒருவர் ஏழரைச் சனியில் உளர். துன்பக் காலம் என்று பெயரிடப்பட்டது ஒருவருக்கே உரிய தண்டனையன்று, யாவரும் முறைவைத்துக் கடக்கும் பருவம் என்று உணர்தல் தன்னிரக்கத்தைக் குறைத்துப் பிறர்மேல் இரக்கத்தைப் பெருக்கும்.

முடிவுரை

சாதகம் மனிதரைப் பற்றிய அறிவைத் தருகிறது என்பதற்குச் சோதனைகள் சான்று பகரவில்லை. ஆயினும் தன்னைப் பற்றிப் பேசுதற்குரிய சொற்களையும், வாழ்வைப் பருவங்களாகக் காணும் சட்டகத்தையும், தன்னை உறவுகளின் நடுவே வைத்து நோக்கும் பார்வையையும் அது தமிழர்க்கு அளித்துள்ளது. அச்சொற்கள் 'செய்யும்' என்னும் முற்றின் இருபொருளாலும் நான்காம் வேற்றுமையின் அமைப்பாலும் மனிதரை நிகழ்வுகளைப் பெறுபவராக நிறுத்துகின்றன. ஊழையும் ஆள்வினையையும் ஒருங்கே பேசிய தமிழ் மரபு அந்நிலையோடு அமைதியுறவில்லை. 'எனக்கு இது வரும்' என்பதை 'நான் இதனைச் செய்கிறேனா' என மாற்றிக் கேட்பவருக்குச் சாதகம் ஒரு தொடக்கமாகலாம். அம்மாற்றத்தைச் செய்யாதவருக்கு அது பிறர் எழுதிய தீர்ப்பாகவே எஞ்சும். தமிழ்ச் சோதிடச் செய்யுள் நூல்களின் பலன் தொடர்களை இடம், வேற்றுமை, காலம் ஆகியவற்றின் அடிப்படையில் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.